கேலரிச் சுவரில் முத்தம்மாள்

வணக்கம் நேயர்களே. இன்றைக்குப் பத்து நிமிடம் உங்களோடு பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோயிலைப் பற்றியோ தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், நான் பேச வந்தது கேலரியைப் பற்றி. நம் தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பல்கலைக்கழக வளாகங்களுக்குள்ளே ஓவியக் கூடங்கள் இருக்கின்றன. வருடம் முழுவதும் அங்கே ஏதாவது ஒரு கண்காட்சி, ஒரு பேச்சு, ஒரு பயிற்சி வகுப்பு நடந்துகொண்டே இருக்கிறது. அதற்குள் நம் ஆட்கள் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறோம்?

நான் டர்பன் கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பராக்ஸில் பிறந்தவள். இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு எங்களைக் கொண்டுவந்தபோது எனக்கு 9 வயது. அப்பாவுக்கு கார்ப்பரேஷன் வேலை, சிட்டி ஹாலைச் சுற்றி இருக்கிற தெருக்களைப் பெருக்குகிற வேலை. 1910இல் கட்டி முடித்த அந்தப் பெரிய கட்டடத்தின் மாடியில் ஓவியக் கூடம் இருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியும். தினமும் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே பெருக்கியவர், ஒரு நாள்கூட மேலே ஏறிப் பார்த்ததில்லை. அது நமக்கான இடம் இல்லை என்று அவர் காலத்தில் சட்டமும் வழக்கமும் சேர்ந்து சொல்லிக் கொடுத்திருந்தன. அந்த நிறவெறிச் சட்டம் போய் 30 வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. 60 வயது வரை நானும் ஏறவில்லை.

ஏற வைத்தவள் என் தம்பி மகள். பல்கலைக்கழகத்தில் ஃபைன் ஆர்ட் படிக்கப் போகிறேன் என்று சொன்னாள். வீட்டில் பெரிய சண்டை. படம் போட்டால் சோறு கிடைக்குமா என்று தம்பி கேட்டான், நானும் அவன் பக்கம்தான் பேசினேன். அவள் பிடிவாதமாகச் சேர்ந்துவிட்டாள். அப்புறம் ஒரு நாள் போன் செய்து, "அத்தை, நீங்க ஒரு தடவை எங்க கேலரிக்கு வாங்க, அப்புறம் பேசுங்க" என்றாள். போனேன். அதிலிருந்து விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவர்களுடைய வருடம் எப்படி ஓடுகிறது என்று நம் கணக்கில் சொல்கிறேன். தைப்பூசக் காவடி முடிந்து பிள்ளைகள் வளாகத்துக்குத் திரும்புகிற பிப்ரவரியில் முதல் கண்காட்சி திறக்கும். ஒவ்வொன்றும் சில வாரம் இருக்கும். ஒன்றை இறக்கிவிட்டு அடுத்ததை மாட்டுவதற்குள் கேலரியைச் சில நாள் பூட்டிவிடுவார்கள். அப்போதுதான் சுவரில் ஆணி போன ஓட்டைகளையெல்லாம் பூசி அடைத்து, மறுபடி வெள்ளை அடித்து, தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் போல அளந்து, படத்தின் நடுப்பகுதி பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வரும்படி மாட்டுகிறார்கள். நம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிற ஆடி மாதம் வரும்போது பாதி வருடம் ஓடியிருக்கும். புரட்டாசியில் ஒரு திறப்பு விழா வந்தால் மேசையில் இருப்பதில் எது சைவம் என்று கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், தயக்கமே வேண்டாம், கேட்டால் சொல்வார்கள். நவம்பர் வந்தால் கடைசி வருடப் பிள்ளைகளின் கண்காட்சி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்காகத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

முதல் தடவை போனபோது எனக்குக் கோபம் வந்தது. பழைய துணிகள் வைத்திருந்த அறை இருட்டாக இருந்தது. காசில்லாமல் லைட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அங்கே வேலை செய்கிற பெண் பொறுமையாக விளக்கினாள்: துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அளவு) விடமாட்டார்கள், ஏனென்றால் வெளிச்சம் சாயத்தைத் தின்றுவிடும், போன சாயம் திரும்பி வராது. கண்ணை இரண்டு நிமிடம் பழக விடுங்கள், எல்லாம் தெரியும் என்றாள். தெரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஜன்னல் பக்கம் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த அம்மாவின் கூறைப்புடவையை எடுத்துப் பார்த்தேன். மடிப்பின் வெளிப்பக்கம் முழுக்க வெளுத்திருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே உள்ளே எடுத்து வையுங்கள்.

ஒரு குளிர்காலத்தில் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் அச்சுப்படங்களை வைத்திருந்தார்கள். பெடர் கோவேனியஸ், உல்லா கோவேனியஸ் என்ற ஸ்வீடன் தம்பதியர் 1962இல் லுத்தரன் சபையின் துணையோடு ஆரம்பித்த கலை மையம் அது. வெள்ளைக்காரர் அல்லாதவர்கள் கலை படிக்க நாட்டில் இடம் கிடைப்பதே அரிதாக இருந்த நாளில், நம் குவாசுலு நட்டால் மாகாணத்தின் உட்பகுதியில், கிராமத்து ஆட்கள் அங்கே நெய்யவும் அச்சடிக்கவும் கற்றார்கள். அங்கே படித்த அசாரியா எம்பாத்தா பைபிள் கதைகளைக் கறுப்பு முகங்களோடு செதுக்கியிருப்பார். அங்கேயே படித்த ஜான் முவாஃபாங்கேஜோ படத்துக்குள்ளேயே வாக்கியம் வாக்கியமாக எழுதியிருப்பார். எல்லாம் லினோகட். தரையில் விரிக்கிற லினோலியத்தில் செதுக்கி, மை தடவி, காகிதம் வைத்து அழுத்தி எடுக்கிற முறை. பெரிய மெஷின் வேண்டாம், அதனால்தான் ஏழைகளுக்கும் கைவந்தது. கறுப்பில் வெள்ளைக் கோடுகளைப் பார்த்ததும் எனக்கு ஆயா காலையில் ஈரத்தரையில் போடுகிற கோலம்தான் ஞாபகம் வந்தது, அந்த இடத்தைவிட்டு நகரவே முடியவில்லை.

அந்தக் கண்காட்சியோடு சேர்த்து ஒரு சனிக்கிழமை பயிற்சி வகுப்பு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள், போனேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஒரு சுலு மாணவி. லினோ குளிரில் விறைத்திருந்தால் உளி வழுக்கும், அதனால் வெயிலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும், உளி போகிற வழியில் இன்னொரு கையை வைக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மை உருளையை உருட்டும்போது சரியான பதத்தில் அது அப்பளம் பொரிகிற மாதிரி லேசாகச் சத்தம் போடும், அந்தச் சத்தம் வந்தால்தான் மை சரி. பிறகு காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தோம். நான் ஆயாவின் பெயரைத் தமிழில் செதுக்கினேன். எழுத்தை இடம் வலம் மாற்றிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக வரும் என்று அவள்தான் மெல்லிய தாளில் எழுதித் திருப்பிப் போட்டுக் காட்டினாள். "ஆன்ட்டி, இது என்ன எழுத்து, யார் பெயர்?" என்று கேட்டாள். எங்கள் கோகோ என்றேன், சுலுவில் பாட்டியை அப்படித்தான் சொல்வார்கள். அவளும் ஒன்று செதுக்கியிருந்தாள், அவளுடைய கோகோ பெயர். இரண்டையும் ஒரே கயிற்றில் காயப் போட்டோம்.

ஆனால் எல்லா இடமும் இப்படி இருக்காது. வேறொரு கூடத்தில், பெயர் வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குத்துவிளக்கைப் பார்த்தேன். பக்கத்தில் 'இந்திய விளக்கு, பித்தளை' என்று மட்டும் சீட்டு. அதற்கு அடுத்து ஒரு சுலு மரத் தலையணை, 'செய்தவர் தெரியவில்லை' என்று சீட்டு. அந்த விளக்கு யார் வீட்டில் எரிந்தது, யார் கொடுத்தார்கள், யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் போய்ச் சொல்லவும் இல்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்த 342 பேர் டர்பனில் இறங்கினார்கள். 1911 வரை அப்படி வந்தவர்கள் மொத்தம் 152,184 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போல சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலிருக்கும் தழும்பு வரை எழுதியிருக்கிறது. ஆனால் எழுதினவருக்குத் தமிழ் காதில் விழுந்தபடிதான் விழுந்தது. முதலியார் மூட்லி ஆனதெல்லாம் அந்த மாதிரிப் பேனாக்களில்தான்.

நம் ஆட்களும் இந்த நாட்டின் படங்களை எடுத்திருக்கிறார்கள், வரைந்திருக்கிறார்கள், சுவரில் மாட்டியும் இருக்கிறார்கள். இசிபிங்கோவில் 1925இல் பிறந்த ரஞ்சித் கல்லி செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, ஆறு பென்னிக்கு வாங்கிய பழைய கோடாக் கேமராவில் படமெடுக்கப் பழகினார், பிறகு டிரம் பத்திரிகைக்குப் படமெடுத்தார். டர்பனில் பிறந்த ஓமர் பட்சாவின் புகைப்படங்கள் இல்லாமல் டர்பனில் நம் ஆட்களின் கடைத்தெருவான அந்தக் காலத்து கிரே ஸ்ட்ரீட்டை நம் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள்? ரியாசன் நாயுடு 2009இல் கேப்டவுனிலுள்ள தேசிய ஓவியக் கூடத்துக்கே இயக்குநர் ஆனார். இவர்கள் பெயரை நான் 60 வயதுக்கு மேல்தான் கேட்டேன் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

சரி, நவம்பருக்கு வருகிறேன். தம்பி மகளின் கடைசி வருடக் கண்காட்சி. எங்கள் ஆயாவின் பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்து, அதன் நீளம் முழுக்க, ஆயாவைப் பெற்றவளின் கப்பல் நம்பரையும் பட்டியலில் இருந்த விவரத்தையும் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். மேலே உத்தரத்திலிருந்து தரை வரை தொங்கியது. பக்கத்தில் போனால் காற்றில் லேசாக அசையும், தையல் பின்பக்கம் நூல் நூலாகத் தொங்கும். தம்பி வந்து நின்றான். அந்தப் படிப்பு வேண்டாம் என்று சொன்னவன், வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நூலெழுத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தான். பட்டியலில் 'மூட்டூமா' என்று இருந்ததை அவள் அப்படியே தைத்திருந்தாள். "இது தப்பும்மா," என்றான். "அவங்க பேரு முத்தம்மாள். ஆயா சாகும்வரை அப்படித்தான் சொல்லும்." அவளுக்கு அது தெரியாது. நாங்கள் சொன்னதே இல்லை. அவள் பட்டியலைத் தேடி ஆவணக் காப்பகம் வரை போனவள், வீட்டில் கேட்கவில்லை, நாங்களும் கேட்காமல் சொல்லவில்லை.

அங்கே பொறுப்பிலிருந்த பெண் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மறுபடி சொல்லுங்கள் என்றாள், தம்பியைத் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். தம்பிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது, நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால், புடவைக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டாவது சீட்டு ஒட்டியிருந்தார்கள், தமிழில் முத்தம்மாள் என்று, கீழே அவள் யார் என்று ஆங்கிலத்திலும் சுலுவிலும்.

நேயர்களே, டியூடி என்கிற டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கேலரி டர்பனில் ஸ்டீவ் பைகோ ரோட்டிலுள்ள வளாகத்தில் இருக்கிறது, பொட்டானிக் கார்டன்ஸ் பக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு யூகேஇசட்என் என்கிற குவாசுலு நட்டால் பல்கலைக்கழக வளாகத்தில் ஜாக் ஹீத் கேலரி. ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தால் பிராம்ஃபொன்டேனில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் விட்ஸ் ஆர்ட் மியூசியம். மாணவர் விடுமுறையில் பூட்டியிருக்கலாம், அதனால் முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள். வளாக வாசலில் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டுப் பெயர் எழுதச் சொல்வார்கள், எல்லோரிடமும் கேட்பதுதான். வாக்கபவுட் என்று அறிவித்திருந்தால் அந்த நாளில் போங்கள், கலைஞரே கூட நடந்து வந்து ஒவ்வொன்றாக விளக்குவார், அப்போது வாய்விட்டுக் கேள்வி கேட்கலாம். பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பீரோவில் பழைய போட்டோ இருந்தால் அதில் நிற்பவர்களின் பெயரைப் பின்பக்கம் பென்சிலால், மெதுவாக, உங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.