பலகையை வாசலில் மாட்டுங்கள்

நடுவர் அவர்களுக்கும், பலகையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் எதிரணிக்கும், சபையோருக்கும் வணக்கம்.

"அரூப ஓவியக் கண்காட்சியை ரசிக்கப் பெரிதும் துணை நிற்பது விளக்கப் பலகையா, வெறும் கண்ணா?" நான் கண்ணின் பக்கம். அரூபம் என்றால், ஆள், மரம் என்று அடையாளம் சொல்லும் உருவம் இல்லாமல் நிறமும் கோடும் வடிவமுமாக வரைவது. எனக்கு முன் பேசிய அம்மையார், "விளக்கம் இல்லாவிட்டால் எல்லாம் கிறுக்கல்தான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அம்மா, கண்காட்சிக்கு வருகிறவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நேராகப் பலகைக்குப் போகிறார்கள். குனிந்து படிக்கிறார்கள். நிமிர்ந்து, ஓவியத்தைப் பார்த்து, "ஓ, அதுவா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பலகைக்கு நகர்கிறார்கள். அப்புறம் சுவரை அடைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஓவியம் எதற்கு நடுவரே?

அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோ தன் பெரிய ஓவியங்களை 18 அங்குல தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னவர். ஒன்றரை அடி! தள்ளி நின்றபோது வெறும் சிவப்புக் கட்டமாக இருந்தது, கிட்டே போனால் விளிம்பில் பிசிறடிக்கிறது. மெல்லிய பூச்சின் மேல் இன்னொரு பூச்சு. அடியில் இருக்கும் நிறம் அங்கங்கே கசிந்து வருகிறது. அங்கே நிற்பவர் கண்ணில் பலகை எங்கே படப்போகிறது?

இன்னொரு அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் போலாக் 1948 வாக்கில் தன் ஓவியங்களுக்குப் பெயரை விட்டு எண் வைக்க ஆரம்பித்தார். எண் என்றால்தான் ஓவியத்தை ஓவியமாகப் பார்ப்பார்கள் என்று காரணம் சொன்னவர் அவர் மனைவி லீ கிராஸ்னர். அவரும் ஓவியர். வரைந்தவரே பெயர்கூட வேண்டாம் என்கிறார், எதிரணி பத்தி பத்தியாகக் கேட்கிறது!

"அரூப ஓவியர் மோன்ட்ரியான் 1941-இல் செய்த ஓவியம் ஒன்று 1945 முதல் தலைகீழாகத் தொங்கியிருக்கிறது என்று 2022-இல்தானே தெரிந்தது, உங்கள் கண் எங்கே போயிற்று?" என்று மடக்கினார் எதிரணி நண்பர். சரி ஐயா, அத்தனை வருடமும் உங்கள் பலகை என்ன செய்துகொண்டிருந்தது?

1961-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் 'படகு' 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. முழு அரூபம் இல்லை. காகிதத்தில் வெட்டிய பாய்மரப் படகும் தண்ணீரில் அதன் நிழலும். மாட்டியவர்கள் நிபுணர்கள். கண்டுபிடித்தவர் பார்க்க வந்த ஒரு பெண், பங்குத் தரகர். நுணுக்கமான உருவத்தைக் கீழே தள்ளி எளிய உருவத்தை மேலே வைத்திருப்பாரா மத்தீஸ் என்று அவருக்கு உறுத்தியது. கண்காட்சி நூலை வாங்கிச் சரிபார்த்தது அதற்கு அப்புறம்தான். சந்தேகப்பட்டது கண், நூல் சாட்சி சொன்னது, அவ்வளவே.

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். பலகையை உடைக்கச் சொல்லவில்லை நடுவரே. வெளியேறும் வாசலில் மொத்தமாக மாட்டட்டும். படித்துவிட்டு ஆசைப்பட்டவர் மறுபடி உள்ளே போகலாம். அவரிடம் இன்னொரு டிக்கெட் கேட்கக் கூடாது என்று மட்டும் உங்கள் தீர்ப்பில் சேர்த்துவிடுங்கள்.