கொடியை வெட்டிய பிறகு

வணக்கம். சர்க்கரை உள்ள கர்ப்பிணிக்குக் குறைமாதத்திலேயே பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்வோம். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத்தான் இது. 1972-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் இதன் பலனைக் காட்டினார்கள். இந்த ஊசியால் பிழைத்த பிள்ளைகள் ஏராளம். அதனால் ஊசி என்றதும் பயப்பட வேண்டாம்.

ஆனால் ஊசி போட்ட சில மணி நேரத்தில் அம்மாவுக்குச் சுகர் ஏறும். நான்கைந்து நாள்கூட இறங்காமல் படுத்தலாம். "சாப்பாட்டில் ஒன்றும் மாற்றவில்லையே டாக்டர்?" என்று கவலையோடு கேட்பார்கள். தப்பு உங்கள்மேல் இல்லை அம்மா, ஊசியின் வேலை அது. கொஞ்ச நாளைக்கு இன்சுலினைக் கூட்ட வேண்டிவரும், அவ்வளவுதான்.

குழந்தைக்கு வருவோம். அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாக உள்ளே போகும்; இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். இன்சுலின் உடனே நிற்காதே! முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுகர் மளமளவென்று இறங்குவது இதனால்தான்.

34 முதல் 36 வாரக் கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 24 பேருக்குச் சுகர் குறைந்தது. போடாதவர்களின் குழந்தைகளில் 15 பேருக்கு. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. அதனால் 34 வாரம் தாண்டிய அவர்களுக்கு இந்த ஊசியை யோசித்துத்தான் போட வேண்டும் என்பேன்.

சுகர் குறைந்த குழந்தைக்குக் கைகால் நடுங்கலாம், பால் குடிக்காமல் துவண்டு கிடக்கலாம். பல குழந்தைகள் ஒன்றுமே காட்டாமல் சமர்த்தாகத் தூங்கும். அதுதான் எனக்குப் பயம். அதனால்தான் குதிகாலைக் கதகதப்பாக்கி, ஓரத்தில் சின்னதாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறோம். வீறிட்டு அழும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஒரு தடவை நார்மல் வந்தால் போதாது, அடுத்தடுத்த பாலுக்கு முன்னும் பார்க்க வேண்டும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். சுகர் குறைந்தால் குளுக்கோஸ் ஜெல்லைக் கன்னத்தின் உட்புறம் தடவுவோம். அதற்கும் ஏறாவிட்டால் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றுவோம்.

சரி, பிரசவ அறைக்குள் போகும்போது கடைசி ஸ்டீராய்டு ஊசி எப்போது போட்டது என்பதை அங்கிருக்கும் நர்ஸிடம் நீங்களே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நன்றி.