மலைவீட்டில் தங்க வருபவர்களுக்கு என்ன வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானலில் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது, சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று முடிவெடுத்தவுடன் பலரும் செய்கிற முதல் காரியம், சோபாவும் சுவரில் மாட்டப் படங்களும் வாங்குவது. படத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் புக் செய்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கிவிட்டுப் போனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போர்வை ஈரமாக இருந்தது, வெந்நீர் பாதியில் தீர்ந்துவிட்டது என்பார்கள். சோபாவைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. இருக்கிற பணத்தைப் படுக்கையிலும் குளியலறையிலும் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

படுக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் ஊர் சுமார் 7000 அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே போகும். மதுரை வெயிலில் வளர்ந்த உடம்பு அதற்குத் தயாராக வருவதில்லை. அதற்காகக் கடையில் இருப்பதிலேயே கனமான கம்பளியை வாங்கி அடுக்கினால் வேறு தொல்லை வரும். அதைத் துவைக்கவும் முடியாது, ஐப்பசி மழையில் காய வைக்கவும் முடியாது. உறை போட்ட ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த போர்வை, நல்லது. ஒவ்வொரு ஆள் போனதும் உறையை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும். கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பும் உறையும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரே நாளில் காய்கிற துணி இங்கே மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். இந்த ஈரக் காற்றில் கட்டி தட்டிப் போய்விடும், வாடையும் வரும். கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரில் ஒட்டிப் போடாமல் நாலு விரல்கடை இடம் விடுங்கள். ஓதம் ஏறுகிற சுவரில் ஒட்டிய பலகையின் பின்பக்கம் பூஞ்சணம் பூத்தால், எந்த ரூம் ஸ்பிரேயாலும் அதை மறைக்க முடியாது.

அடுத்தது வெந்நீர். ஒரு கணக்கைப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 லிட்டர் பிடிக்கிற, 2000 வாட் கீசர் அதை 60 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 40 நிமிடம் ஆகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கிற பதத்தில் 45 லிட்டர், அதாவது சுமார் மூன்று பக்கெட். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிற ஆறு பேர் குடும்பத்துக்கு இது எப்படிக் காணும்? ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனி கீசர் வையுங்கள். மழைபோல் கொட்டுகிற பெரிய ஷவரை ஆசைப்பட்டு மாட்டுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும், அது மூன்று பக்கெட்டையும் ஒரே ஆளுக்குத் தீர்த்துவிடும். பக்கெட்டும் மக்கும் கட்டாயம் இருக்கட்டும். பெரியவர்கள் உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி, பிடித்து எழச் சுவரில் ஒரு கைப்பிடி. வெறும் டைல்ஸ் தரை இந்தக் குளிரில் பனிக்கட்டியாக இருக்கும், கட்டிலடியில் மிதியடி விரித்து, வீட்டுக்குள் போட ரப்பர் செருப்பும் வையுங்கள்.

சமையலறையில் அலங்காரக் கோப்பைகளைவிட முக்கியம் பிரஷர் குக்கர். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் லேசில் வேகாது. கீழிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது, அடுப்பு சரியில்லை என்று நம்மைத்தான் கூப்பிடுவார்கள். குக்கரை வைத்து, வழக்கத்தைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள் என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். சரி, அப்புறம் குடிதண்ணீர். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், சுத்திகரிப்பு மெஷினும் வெளியே கொண்டுபோக நாலு எவர்சில்வர் பாட்டிலும் வைத்தால் வருபவர்கள் மனதார வாழ்த்துவார்கள். கொண்டுவந்த தேங்காயெண்ணெய் உறைந்துபோய் விழிப்பவர்களும் உண்டு. அதற்கு நாம் ஒன்றும் வாங்கி வைக்க வேண்டாம், வெந்நீரில் பாட்டிலை நிறுத்தச் சொன்னால் போதும்!

சின்னச் சாமான்களில் கொக்கியைத்தான் முதலில் சொல்வேன். ஸ்வெட்டர், மப்ளர், மழைக்கோட்டு, ஈரத்துண்டு எல்லாம் எங்கே தொங்கும்? வாசல் பக்கம் ஒரு வரிசை, குளியலறைக் கதவில் ஒரு வரிசை. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பிளக் பாயிண்ட்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கரி அடுப்பை வெளியே திறந்த இடத்தில் மட்டும் வையுங்கள், உள்ளே தூக்கிப் போக முடியாதபடி தரையோடு பதித்துவிடுங்கள். ராத்திரி சமைத்து முடித்ததும், கனல் வீணாகப் போகிறதே என்று அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கனன்றுகொண்டிருக்கிற கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கேஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் மாட்டினாலும் இதே ஆபத்துதான். அறை சூடாக வேண்டுமென்றால் எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள், அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனி வயரும் போட்டுவிடுங்கள்.

விளம்பரம் போடுவதற்கு முன்னால், மழை பெய்கிற ஒரு நாளாகப் பார்த்து, குடும்பத்தோடு போய் அங்கே ஓர் இரவு தங்குங்கள். இருட்டிய பிறகு போய்ச் சேருங்கள். பூட்டைத் திறக்க வாசலில் வெளிச்சம் இருக்கிறதா, சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். காலையில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளியுங்கள். எதையெல்லாம் தேடினீர்களோ, அதை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.