பாடம் தெரியும், பாடம் நடத்தத் தெரியுமா?

[திரையில்: 1¾ ÷ ½]

ஒன்றே முக்காலை அரையால் வகுக்கணும். அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கினால் மூன்றரை. சரிதான். இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு, இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சின்னக் கதை சொல்லிப் பாருங்கள்.

"ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரி" என்றீர்களா? அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது என்றால், அதே தண்ணீரை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றுவது. மூன்று பாட்டில் நிரம்பும், நான்காவதில் பாதி வரும். மீந்தது கால் லிட்டர்தானே, விடையில் 'அரை' எப்படி வந்தது? அது அரை பாட்டில். மாணவர்கள் தடுமாறுகிற இடமே இதுதான்.

லிப்பிங் மா என்ற ஆய்வாளர், அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இந்தக் கணக்கை எப்படிக் கையாண்டார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். முடிவு 1999-இல் வெளிவந்தது. அமெரிக்கர்கள் 23 பேரில் பொருந்துகிற கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீனர்கள் 72 பேரில் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் கூடுதல் ஆண்டுகள் படித்தவர்கள் அமெரிக்க ஆசிரியர்கள்தான்!

[திரையில்: பள்ளி → பல்கலைக்கழகம் → பள்ளி]

ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908-லேயே இந்தச் சிக்கலைச் சொன்னார். பல்கலைக்கழகத்துக்குள் போகும்போது பள்ளிக் கணக்கோடு தொடர்பு அறுகிறது. ஆசிரியராகத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணக்கும் அறுந்துபோகிறது. அதற்காக உயர்கணிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிப் பாடத்தையே மறுபடி ஆழமாகத் தோண்டிப் பார்க்கும் வகுப்பும் ஆசிரியர் பயிற்சியில் இருக்கணும் என்கிறேன்.

1986-இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், பாடம் நடத்தத் தேவையான அறிவைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவான கற்பித்தல் முறை தெரிவது ஒன்று. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள், எந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும் என்று தெரிவது வேறொன்று.

அறிவியலிலும் அப்படித்தான். பூமி சூரியனை நெருங்குவதால் கோடை வருகிறது என்று பட்டதாரிகளே சொல்வதுண்டு. பூமி மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். வட அரைக்கோளத்தில் அப்போது குளிர்காலம்! பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ந்திருப்பது. ஆசிரியராகப் போகிறவருக்கு இந்த விடையோடு, நெருப்பை நெருங்கினால் சுடும் என்ற அனுபவத்திலிருந்துதான் அந்தத் தவறு பிறக்கிறது என்பதும் தெரியணும்.

இதை ஏட்டில் மட்டும் படித்தால் வராது. 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'யூடீச்' என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில், பயிற்சி மாணவர்கள் முதல் பருவத்திலேயே பள்ளி வகுப்பறைக்குள் போய்ப் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

[திரையில்: 0.45 > 0.6 ?]

கடைசியாக, பயிற்சி வகுப்பில் அலசவேண்டிய ஒரு விடைத்தாள். 45 பெரியது, 6 சின்னது, அதனால் 0.45 பெரியது என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். "0.6-க்குப் பின்னால் ஒரு சுழியம் போடு" என்றால் 60, 45 என்று பார்த்து உடனே திருத்திவிடுவாள். ஆனால் முழு எண்ணாகப் படிக்கும் பழக்கம் அப்படியே இருக்கும். ஒரு எண்கோடு வரைந்து, "பாதி எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். 0.45 எந்தப் பக்கம், 0.6 எந்தப் பக்கம் என்று அவளே புள்ளி வைக்கட்டும்.