லேப்டாப் விளையாட்டும் மணிக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

லேப்டாப்பில் கேம் விளையாடுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டு பற்றி, ரேம் பற்றி. கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு எழுந்தால் வலிப்பது கைதான். அதனால் இன்றைக்குப் பேச்சு கையைப் பற்றி. எந்தக் கருவியில் விளையாடினாலும் மணிக்கட்டு மடங்காமல், முன்கையோடு நேராக இருக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில், லேப்டாப்போடு வரும் டச்பேட். சதுரங்கம், சீட்டு, புதிர் என்றால் அதுவே போதும், வேறெதுவும் வாங்க வேண்டாம். ஓடிக்கொண்டே சுடும் விளையாட்டு என்றால்தான் சிக்கல். முன்னே நடக்கிற விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு டச்பேடில் விரலை நகர்த்திப் பாருங்கள். பல லேப்டாப்களில் பார்வை திரும்பாது. கேம் கெட்டுவிட்டது என்று அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். கேமில் ஒரு குறையும் இல்லை. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் ஓடிவிடக் கூடாது என்பதற்காக, விசை அழுத்தும் நேரத்தில் டச்பேட் செயல்படாமல் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். விண்டோஸ் அமைப்புகளில் டச்பேடின் உணர்திறனை மிக அதிகம் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறமும் ஒரு குறை நிற்கும். வலது பட்டனைப் பிடித்துக் குறிபார்த்தபடியே இடது பட்டனால் சுடுவது பெரும்பாலான டச்பேடுகளில் நடக்காது. இரண்டு கைகளும் உடம்புக்கு நடுவில் வந்து குறுகுவதால் மணிக்கட்டும் வெளிப்பக்கமாக மடங்குகிறது.

சரி, மவுஸ் வாங்கலாம் என்கிறீர்கள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 16,000 டிபிஐ என்று. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை புள்ளி நகர்ந்ததாகச் சொல்கிறது என்பதே அந்தக் கணக்கு. 1920 புள்ளி அகலமுள்ள திரையை 800 டிபிஐயில் கடக்க மவுஸை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 16,000 என்றால் 3 மில்லிமீட்டர் போதும். அந்த 3 மில்லிமீட்டருக்குள் கையை நிறுத்தி யாரால் குறிபார்க்க முடியும்? சுடும் விளையாட்டில் தேர்ந்தவர்கள் பலரும் 400, 800, 1600 என்ற அளவுகளிலேயே விளையாடுகிறார்கள். அந்த எண்ணுக்காகக் கூடுதலாகச் செலவழிக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பதை. செருப்பைக் காலில் போட்டுப் பார்த்து வாங்குவது மாதிரி, மவுஸையும் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பைக்குள் அடங்க வேண்டும் என்று சின்னதாகச் செய்த மவுஸில் பெரிய கையை வைத்தால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கி இறுக்கிப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் அந்த இறுக்கம் முன்கைக்கு ஏறும். அடுத்து, மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்துப் பாருங்கள். விளையாடும்போது இதைத்தான் ஓயாமல் செய்வீர்கள். ஒயர் இல்லாத மவுஸில் போடும் ஒரு ஏஏ பேட்டரி மட்டும் ஏறத்தாழ 23 கிராம், இரண்டு போட்டால் 46. கையில் அது தெரியும். இடது கைக்காரர்கள் இருபுறமும் ஒரே வளைவுள்ள மவுஸைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டு மறுபடியும் ஞாபகம் இருக்கட்டும்: மவுஸ் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இப்போது இன்னொரு கை. இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை உண்டு. திரெஷ் என்ற பெயரில் விளையாடிய டென்னிஸ் ஃபாங், ஆரம்பத்தில் கீபோர்டை மட்டும் வைத்தே விளையாடியவர். அவருடைய சகோதரர் ஒரு கையில் கீபோர்டு, இன்னொரு கையில் டிராக்பால் என்று விளையாடி அவரைத் தோற்கடித்தார். டிராக்பால் என்றால் கருவி அப்படியே இருக்கும், அதன் மேலுள்ள உருண்டையை மட்டும் விரலால் உருட்ட வேண்டும். அந்தத் தோல்விக்குப் பிறகு ஃபாங் தன் கைகளை வைக்கும் விதத்தையே மாற்றினார். வலது கை மவுஸில், இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில். 1997இல் குவேக் என்ற சுடும் விளையாட்டின் போட்டியில் வென்றார். பரிசு, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மேக்கின் சொந்த ஃபெராரி 328 கார்! அடுத்து வந்த குவேக் 2இல் அவருடைய விசை அமைப்பையே ஒரு தேர்வாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த நான்கு விசைகளை முதலில் பயன்படுத்தியவர் அவர் என்று சொல்ல வரவில்லை. அவரைப் பார்த்துத்தான் பலரும் மாறினார்கள்.

மாறியதில் நியாயம் இருக்கிறது. இடது கையை அங்கே வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் தானாக ஸ்பேஸ் பார் மேல் விழும், சுண்டுவிரல் ஷிஃப்டைத் தொடும். அம்புக்குறி விசைகளோ பல லேப்டாப்களில் பாதி உயரத்தில், வலது மூலையில், மவுஸ் பிடிக்கும் கைக்கு இடைஞ்சலாக இருக்கின்றன.

ஒரு சின்னச் சோதனையும் சொல்கிறேன். நோட்பேடைத் திறந்து ஷிஃப்ட், டபிள்யூ, டி மூன்றையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ், ஆர், ஈ என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். திரையில் வராத விசை விளையாட்டிலும் வராது. கீபோர்டுக்குள் விசைகளை இணைத்திருக்கும் விதம் அப்படி. அந்த வேலையை வேறு விசைக்கு மாற்றுங்கள், அல்லது தனிக் கீபோர்டு வாங்குங்கள். வாங்கினால் எண் பலகை இல்லாத சின்னதாக வாங்குங்கள். மவுஸ் பக்கத்தில் வரும், தோள் விரியாது. லேப்டாப்பின் சூடும் கையைத் தாக்காது, திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தியும் வைத்துக்கொள்ளலாம்.

நேரம் நெருங்கிவிட்டது, இரண்டு கைகளாலும் பிடித்து விளையாடும் கண்ட்ரோலரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கார் பந்தயம், கால்பந்து, தாவிக் குதிக்கும் விளையாட்டுகளுக்கு அதுவே நல்லது. மடியில் வைத்துச் சாய்ந்து உட்காரலாம், மணிக்கட்டு நேராக இருக்கும். நாளாக ஆக, கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் தேய்ந்து, தொடாதபோதும் கேமில் தானாக நகர ஆரம்பிக்கும். ஹால் எஃபெக்ட் என்று போட்டிருந்தால் உள்ளே காந்தம் வேலை செய்கிறது, அசைவை உணரும் பகுதியில் உராய்வு இல்லாததால் அந்தத் தேய்மானம் பெரும்பாலும் வராது.

கை அசைக்கச் சிரமப்படுபவர்கள் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் 2018இல் அவர்களுக்கென்றே அடாப்டிவ் கண்ட்ரோலர் என்று ஒன்று கொண்டுவந்தது. இரண்டு பெரிய பட்டன்கள், பின்னால் வரிசையாகத் துளைகள். கால் பெடலோ தோளால் அழுத்தும் சுவிட்சோ எது வசதியோ அதை அங்கே செருகலாம். லேப்டாப்பிலும் அது வேலை செய்யும். நன்றி, வணக்கம்.