வெளியூர்க்காரரைக் கூப்பிடுங்கள்: பாம்பன் கரையிலிருந்து ஒரு போலீஸ் படம்

வணக்கம் மக்களே. பாம்பன் தெற்குக் கரையில் இருந்து பேசுகிறேன். கச்சான் காற்று எழும்பிவிட்டது, அதனால் மைக்கில் காற்றுச் சத்தம் விழும். ஒரு வள்ளத்தின் மறைவில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறேன், பேச்சு கேட்கும் என்று நம்புகிறேன். பின்னால் தெரிவது தென்கடல். இங்கே இப்படிக் கொந்தளிக்கிறதே, இதே நேரம் வடகடல் பக்கம் போனால் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும்.

தடைக்காலம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. பகலில் அப்பாவும் நானும் படகுக்கு வர்ணம் அடித்தோம், பலகை மாற்றினோம். ராத்திரியில் லேப்டாப்பில் படம் பார்த்தோம். அதில் ஒரு படத்தை மூன்று ராத்திரி திரும்பத் திரும்பப் போடச் சொன்னார் அப்பா. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

படத்தின் பெயர் 'தி நெகோஷியேட்டர்'. 1998-ல் வந்த அமெரிக்கப் படம், இயக்கம் எஃப். கேரி கிரே. சாமுவேல் எல். ஜாக்சனும் கெவின் ஸ்பேசியும் நடித்திருக்கிறார்கள். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். கடைசியில் மாட்டுகிற பெரிய ஆள் யார் என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். மற்றபடி கதையைத் தொடாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

சிகாகோ போலீஸில் டேனி ரோமன் என்று ஒரு அதிகாரி. எவனாவது ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டு துப்பாக்கியை நீட்டினால், அவனோடு பேசிப் பேசியே ஆட்களை மீட்பதுதான் இவர் வேலை. முதல் காட்சியிலேயே, பெற்ற மகளைப் பிடித்து வைத்திருக்கிற ஒருவனிடம் நேரே போய் நிற்கிறார். ஊரே அவரைக் கொண்டாடுகிறது. அப்புறம் கூட வேலை பார்க்கிற நேதன் ஒரு விஷயத்தைக் காதோடு சொல்கிறார். நம் நிதியில் இருந்து பணம் போகிறது, பெரிய தொகை, எடுப்பதும் நம் ஆட்கள்தான் என்று. மறுபடி சந்திக்கப் போனால் நேதன் சுடப்பட்டுக் கிடக்கிறார். டேனி அதைப் பார்த்து நிற்கும்போதே போலீஸ் வந்துவிடுகிறது. கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி இவர்கள் இருவரும் விசாரித்த ஒரு பழைய வழக்கைச் சேர்ந்தது. இவர் வீட்டில் வெளிநாட்டு வங்கிக் கணக்குத் தாள் கிடைக்கிறது. கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே அவர் தலையில் கொலையும் விழுகிறது, திருட்டும் விழுகிறது.

அது எந்த நிதி தெரியுமா? வேலையில் காயம்பட்டு முடமாகிப்போன போலீஸ்காரர்களுக்கான நிதி. அதன் நிர்வாகக் குழுவில் டேனியும் இருக்கிறார். களவு நடக்கும் விதத்தைப் படம் பிற்பாடு நிதானமாக அவிழ்க்கிறது. காயமே படாதவன் காயம்பட்டதாக எழுதிக் கொடுக்கிறான். குழுவுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவர் அந்தத் தாளை நகர்த்திவிடுகிறார். யாரும் பூட்டை உடைக்கவில்லை. முறையாகக் கையெழுத்துப் போட்டே பணம் வெளியே போகிறது. இந்த இடம் வந்தபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

தன் பேச்சை ஒருவரும் நம்பாதபோது டேனி என்ன செய்கிறார்? போலீஸையே விசாரிக்கும் பிரிவின் அலுவலகத்துக்குள் புகுந்து, நீபாம் என்கிற அதிகாரியைப் பிடிக்கிறார். கூடவே அவருடைய உதவியாளர் மேகி, ஃபிராஸ்ட் என்கிற மேலதிகாரி, ரூடி என்கிற சில்லறை மோசடிக்காரன் என்று மொத்தம் நான்கு பணயக்கைதிகள். இத்தனை காலம் வெளியில் நின்று பேசியவர் இப்போது உள்ளே. அவரோடு பழகிய ஆட்களே வெளியே துப்பாக்கியைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் அடுத்து எடுக்கப்போகும் ஒவ்வொரு அடியும் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களுக்குப் பழக்கிவிட்டதே அவர்தான்.

எல்லோரும் பேசுகிற ஒரு காட்சி உண்டு. ஃபார்லி என்கிற அனுபவம் குறைந்த ஒருவரைத் தொலைபேசியில் விடுகிறார்கள். டேனி ஒன்று கேட்கிறார், ஃபார்லி 'முடியாது' என்கிறார். பிடித்து வைத்திருப்பவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது என்று டேனி அங்கேயே பாடம் எடுக்கத் தொடங்குகிறார். பார்க்கிறேன், கேட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நேரம் கொடு என்று எதையாவது சொல்லலாம். கதவைச் சாத்துகிற ஒரு சொல் மட்டும் வரக் கூடாது. கேட்கும்போது விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் அந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பேச்சு நீள நீள விரல் விசையை விட்டு இறங்கும்.

இது சினிமாக்காரர்கள் கட்டிய கதை இல்லை மக்களே. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்ட பிறகு, நியூயார்க் போலீஸில் ஃபிராங்க் போல்ஸ், ஹார்வி ஷ்லாஸ்பெர்க் என்று இரண்டு பேர் இதற்காகவே ஒரு குழுவை உருவாக்கினார்கள். ஷ்லாஸ்பெர்க் துப்பறியும் அதிகாரி, உளவியலில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். 1973 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்ட சம்பவம் 47 மணி நேரம் இழுத்தது. உள்ளே பாய்ந்து சுடாமல் காத்திருந்தார்கள். அதற்குள் பணயக்கைதிகள் தப்பி வெளியே வந்துவிட்டார்கள். காத்திருப்பது கையாலாகாத்தனம் இல்லை என்பதை அந்த 47 மணி நேரம் காட்டியது.

நம் பக்கம் என்றால் 2000-ஆம் வருடம். வீரப்பன் நடிகர் ராஜ்குமாரை ஜூலை 30 அன்று தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர் பண்ணை வீட்டில் இருந்து கடத்திப்போய், நவம்பர் 15-ல்தான் விட்டான். 108 நாள். அம்மா இன்றைக்கும் அந்த ரேடியோ செய்தியைப் பற்றிப் பேசுவார். அப்போது அரசு தூது அனுப்பியது யாரை? பத்திரிகைக்காரரான நக்கீரன் கோபாலை. காக்கிச் சட்டை போட்டவர் போயிருந்தால் அந்தக் காட்டுக்குள் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியுமா?

படத்துக்கு வருகிறேன். டேனி முன்வைக்கும் கோரிக்கைகளில் ஒன்று, கிறிஸ் சேபியன் என்கிற அதிகாரியை வரவழைக்க வேண்டும் என்பது. அவரும் பேசி மீட்கிற ஆள்தான், ஆனால் வேறு வட்டாரம். டேனிக்கு நண்பர் கிடையாது, அறிமுகம் கூடக் கிடையாது. அதனால்தான் அவர் வேண்டும் என்கிறார் டேனி. கூடப் பழகியவர்களில் யார் நண்பன், யார் கொலைகாரன் என்று தெரியாத நிலையில், அறியாத ஒருவன்தான் நம்பிக்கைக்கு உரியவன் ஆகிறான். என்னைப் பொறுத்தவரை மொத்தப் படமும் இந்த ஒரு முடிவில்தான் நிற்கிறது.

இப்போது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்த விஷயம். என் சித்தப்பா வேறொரு கரையில் இருக்கிறார். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மீன் ஏலம் போகும்போது ஒவ்வொரு படகும் மகமை என்று கொஞ்சம் ஒதுக்கும். கடலில் ஆள் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு அதில் இருந்து கொடுப்பார்கள். நான் பத்தாவது படிக்கும்போது ஒருவர் வாடைக் காற்றில் வத்தை என்கிற சின்னப் படகு கவிழ்ந்து இறந்துபோனார். அவர் மனைவி கைக்குழந்தையோடு கேட்கப் போனால், பெட்டியில் இருக்க வேண்டியதில் கால்வாசி கூட இல்லை. சித்தப்பா ஊர்க்கூட்டத்தில் எழுந்து, கணக்கு நோட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஒரு வாரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. பெட்டிக்கு இரண்டு சாவி. முந்தைய வருடம் அதில் ஒன்று சித்தப்பாவிடம் இருந்தது. எடுத்தவனே கேள்வி கேட்டுத் தப்பிக்கிறான் என்றார்கள். அவர் படகில் ஏற ஆள் வரவில்லை. ஐஸ் கொடுக்கவில்லை. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். ஒன்றாக வலை இழுத்த ஆட்கள் மக்களே! சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அழுத ராத்திரி எனக்கு மறக்காது.

கடைசியில் ஒரு வயதான சம்மாட்டி, அதாவது படகு முதலாளிதான் சொன்னார், இதை நம் ஆட்கள் யாரும் பேச வேண்டாம், கரையோடு தொடர்பே இல்லாத ஒருவரைக் கூப்பிடுங்கள் என்று. முதுகுளத்தூர்ப் பக்கம் இருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். கடலில் கால் நனைக்காத விவசாயக் குடும்பத்து மனிதர். பூவரச மரத்தடியில் நான்கு நாள் உட்கார்ந்தார். யார் கத்தினாலும், "இருக்கட்டும், நீங்கள் சொல்லி முடியுங்கள்" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். அப்புறம் நோட்டை வரி வரியாக ஊர் முன்னால் வாசித்தார். இன்னாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு இவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் கூட்டத்திலேயே நிற்பார். உனக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது என்று வாத்தியார் கேட்பார். அவர் விழிப்பார். நான்காம் நாள் சாயங்காலம் யார் எழுதியது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. வாத்தியார் ஒருவர் பெயரையும் தன் வாயால் சொல்லவே இல்லை.

பணத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஆனால் சித்தப்பா அதன்பிறகு ஊர்க்கூட்டத்துக்குப் போனதே இல்லை.

இது மனதில் இருந்ததால், சேபியனாக நடித்த ஸ்பேசி வந்த பிறகு அவர் எப்படிக் கேட்கிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டேனியை நம்பிவிடவில்லை. நீ செய்தாயா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை, உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வர வேண்டும் என்கிற நிலையில்தான் தொடங்குகிறார். மின்சாரம் வேண்டுமா, ஒரு ஆளை விடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று. அவர் அறிமுகமாகும் இடமும் அழகு. வீட்டில் மனைவி அறைக்குள் பூட்டிக்கொண்டிருக்கிறார், மகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், இவர் கதவுக்கு வெளியே நின்று சமாதானம் பேசுகிறார்.

மேகியும் ரூடியும் கொஞ்சம் கொஞ்சமாக டேனிக்கு உதவத் தொடங்குவதைப் பார்த்துச் சிலர் ஸ்டாக்ஹோம் மனநிலை என்பார்கள். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கியில் ஆறு நாள் அடைபட்டிருந்தவர்கள், பிடித்து வைத்தவன் பக்கமே பேசியதால் வந்த பெயர் அது. எனக்கு அப்படித் தெரியவில்லை. நீபாமின் கணினியில் இருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள், ஒட்டுக்கேட்ட பதிவுகளைக் காதால் கேட்கிறார்கள். ஆதாரத்தைப் பார்த்து மனம் மாறுவது நோய் இல்லை, நேர்மை. நீபாமாக நடித்த ஜே. டி. வால்ஷ் படம் வெளிவரும் முன்பே, 1998 பிப்ரவரியில் இறந்துவிட்டார். வியர்வையும் முறைப்புமாக அந்த மனிதர் பொய்யைக் கட்டிக் காக்கிற விதத்துக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

குறையும் உண்டு. கட்டடத்தை விட்டுக் கதை வெளியே வந்ததும் கயிறு தளர்ந்துவிடுகிறது. கடைசிப் பகுதியை இன்னும் சுருக்கியிருக்கலாம். டேனியின் மனைவிக்குக் கலங்கி நிற்பதைத் தவிர வேலை கொடுக்கவில்லை, அது எனக்கு வருத்தம். சித்தி அந்த நாட்களில் எவ்வளவு பேரிடம் போய் வாதாடினார் என்று எனக்குத் தெரியும்.

முடிவில் ஒரு வாக்கிடாக்கி வருகிறது, அதை மட்டும் கவனித்துப் பாருங்கள். படகில் வாக்கிடாக்கி வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். பொத்தான் அமுங்கியபடியே இருந்தால் பேசுவது அத்தனை படகிலும் கேட்கும்.

அப்பா கூப்பிடுகிறார், இஞ்சின் பார்க்க ஆள் வந்துவிட்டார் போல. வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் அப்பாவும் நானும் முதுகுளத்தூர்ப் பக்கம் வாத்தியார் வீட்டுக்குப் போகிறோம். கொடுத்தனுப்ப அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறார். லேப்டாப்பில் படத்தை ஏற்றி வைத்திருக்கிறேன். வாத்தியாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால் ஒரு நல்ல ஸ்பீக்கரும் இரவல் வாங்கியிருக்கிறேன். சரி மக்களே, வருகிறேன்.