நர்ஸ் பற்றாக்குறை என்கிறார்கள், என் அண்ணியை ஏன் எடுக்கவில்லை? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஸ்கார்பரோவிலிருந்து வந்திருக்கிறது. "என் அண்ணி ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர். கனடா வந்து நாலு வருடமாகிறது. இப்போது முதியோர் இல்லமொன்றில் பி.எஸ்.டபிள்யூ. ஆக, அதாவது பராமரிப்பு உதவியாளராக இருக்கிறார். ஒன்ராறியோவில் நர்ஸ் பற்றாக்குறை என்று செய்தியில் ஓயாமல் சொல்கிறார்கள். பிறகு இவரை ஏன் எடுக்கவில்லை? உள்ளே போக என்ன வழி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பலரும் தடையாக இருப்பது பரீட்சைதான் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2015 முதல் இங்கே ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற நர்ஸ் ஆக என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு எழுத வேண்டும். ஐ.சி.யூ.வில் நின்றவர் ஒழுங்காக உட்கார்ந்து படித்தால் அதைத் தாண்டிவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது காலம்.

நர்ஸாகப் பதிவு கொடுப்பது காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்ராறியோ. பெயரில் காலேஜ் இருந்தாலும் இது கல்லூரி இல்லை, நர்ஸ்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. கடைசி மூன்று ஆண்டுகளுக்குள் நர்ஸாக வேலை பார்த்ததற்குச் சான்று கேட்பார்கள். மொழித் தேர்ச்சிக்குக் காட்டும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணுக்கோ ஆயுள் இரண்டே வருடம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்த வருடம் வீடு பிடிப்பதிலும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதிலும் போய்விடும். அப்புறம் ஊர்க் கல்லூரியிலிருந்தும் நர்சிங் கவுன்சிலிலிருந்தும் கடிதங்கள் வர வேண்டும். அங்கே ஒரு கையெழுத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடிதம் வந்து சேரும்போது ஐஇஎல்டிஎஸ் காலாவதியாகியிருக்கும். அதை மறுபடி எழுதி முடிப்பதற்குள் மூன்றாண்டு அனுபவம் கைவிட்டுப் போயிருக்கும். இத்தனை நாளும் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாலும், பி.எஸ்.டபிள்யூ. வேலை நர்ஸ் அனுபவமாகக் கணக்கில் வராது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 2022 ஜனவரியில் எஸ்பெப் என்ற மேற்பார்வைப் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ, பதிவுபெற்ற நர்ஸ் ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 140 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். முழுநேர ஷிப்ட் என்றால் நாலு வாரத்துக்குள் முடிந்துவிடும். அண்மை அனுபவம், மொழித் தேர்ச்சி இரண்டுக்குமே இது சான்றாக ஏற்கப்படும். பற்றாக்குறைக்கு இதுவரை செய்ததில் உருப்படியானது இதுதான் என்பேன். வெளிநாட்டில் போய் ஆள் திரட்டுவதைவிட, ஏற்கெனவே இங்கே வந்து காத்திருப்பவர்களை உள்ளே விடுவது சீக்கிரம் நடக்கும். அந்த ஊர் வார்டும் காலியாகாது.

அந்த 140 மணி நேரமும் வெறும் கணக்குக்காக இல்லை. ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் திருப்பிப் படுக்க வைப்பதும் பெரும்பாலும் ஆயாவோ வீட்டு ஆட்களோ செய்வது. இங்கே அது நர்ஸ் வேலையோடு சேர்ந்தது. ஷிப்ட் தொடங்கியதும் ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சையும் வயிற்றையும் கேட்டு, தலை முதல் கால்வரை நீங்களே பரிசோதித்து எழுத வேண்டும். அதைவிடக் கஷ்டம் இரவு மூன்று மணிக்கு டாக்டரை எழுப்பி, "நீங்கள் எழுதிய டோஸ் இந்த சிறுநீரகத்துக்கு அதிகம், மாற்றித் தாருங்கள்" என்று சொல்வது. டாக்டர் சொன்னதை அப்படியே செய்து பழகியவர்களுக்கு முதலில் நாக்கு எழாது. பக்கத்தில் ஒரு சீனியர் நின்று, "கூப்பிடு, நான் இருக்கிறேன்" என்று சொன்னால் அந்த இடத்தைத் தாண்டிவிடுவார்கள். ஆனால் ஆள் இல்லாத வார்டில் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்க மாட்டார்கள். பயிற்சி கொடுக்கும் நர்ஸுக்கு நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்காமல் திட்டத்தை மட்டும் அறிவித்துப் பயனில்லை. நிர்வாகங்கள் கணக்குப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. உங்கள் அண்ணி வந்த காலத்தில், ஊர்ப் படிப்பு கனடா படிப்புக்கு ஈடா என்று பாடம் பாடமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஒன்ராறியோவில் அந்த விதி மாறிவிட்டது. படித்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற நர்சிங் படிப்பாக இருந்து, இங்குள்ள நடைமுறை பற்றிய பாடநெறியையும் முடித்தால் படிப்புத் தகுதி சரி. ஆகவே பழைய கடிதத்தில் "படிப்பு போதாது" என்று வந்திருந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? அவர் வேலை பார்க்கும் இல்லத்திலேயே டைரக்டர் ஆஃப் கேரிடம், அதாவது பராமரிப்புப் பொறுப்பாளரிடம், "நீங்கள் எஸ்பெப்பில் இருக்கிறீர்களா?" என்று நேரே கேட்கட்டும். தெரிந்த முகத்தை அவர்களும் விடமாட்டார்கள். டொரொண்டோவில் 2001 முதல் கேர் சென்டர் என்ற அமைப்பு வெளிநாட்டில் படித்த நர்ஸ்களுக்காகவே இயங்குகிறது. கோப்பைப் பார்த்து என்ன குறைகிறது என்று சொல்வார்கள், தேர்வுக்கும் தயார்ப்படுத்துவார்கள். ஐஇஎல்டிஎஸ்ஸை மட்டும் அவசரப்பட்டு இப்போதே எழுத வேண்டாம். எஸ்பெப் கிடைத்தால் அது தேவைப்படாமலே போகலாம். கிடைக்காவிட்டால், ஊர்க் கடிதங்கள் கைக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.